நெட் நியூட்ராலிட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் ரீசார்ஜுக்கும் வீட்டு பிராட்பேண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிற எல்லோரையும் தொடுகிற விஷயம் இது. இருந்தும் பேச்சு எழும்போதெல்லாம் வக்கீல்களும் பொறியாளர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவை வைத்தே பேசுகிறேன். வெளிநாட்டு அனுபவம் நமக்கு உதவும் இடங்களில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மிடம் நல்ல விதி இருக்கிறது, அதை நிறுவனங்கள் கடைப்பிடிக்கின்றனவா என்று அளந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

நெட் நியூட்ராலிட்டி என்றால் என்ன?

உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம், அந்த இணைப்பில் போய்வரும் எதையும் பாகுபாடு இல்லாமல் நடத்த வேண்டும் என்ற கொள்கை. ஒரு தளத்தைத் தடுக்கக் கூடாது. வேண்டுமென்றே மெதுவாக்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஒரு செயலிக்கு மட்டும் வேகமான வழி விடக் கூடாது. தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றக் கூடாது. வீட்டில் மிக்ஸி ஓடினாலும் ஃபேன் ஓடினாலும் மின்வாரியம் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. இன்ன கம்பெனி மிக்ஸி என்றால் பாதி விலை என்று சொல்வதில்லை. டேட்டாவுக்கும் அதே நியாயம்தான்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. எல்லோருக்கும் ஒரே வேகம், ஒரே விலை என்று இதற்கு அர்த்தமில்லை. 300 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) திட்டத்துக்கு 40 எம்பிபிஎஸ் திட்டத்தைவிட அதிகம் வாங்கலாம். வாங்கிய வேகத்தில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதில்தான் நிறுவனம் தலையிடக் கூடாது.

இதெல்லாம் வெறும் பயம்தானே? நிஜமாக எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மேடிசன் ரிவர் என்ற சிறிய தொலைபேசி நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் வோனேஜ் சேவையைத் தடுத்தது. தன் தொலைபேசி வருமானம் போய்விடும் என்ற கவலைதான் காரணம். 2005-இல் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி தலையிட்டது. நிறுவனம் 15,000 டாலர் கட்டித் தடையை நீக்கியது.

2007-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட், பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் பிட்டோரண்ட் பரிமாற்றங்களை இடையில் புகுந்து துண்டித்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லவே இல்லை. சந்தேகப்பட்ட பயனர்கள் சோதித்துப் பார்த்துத்தான் அது வெளியே வந்தது. அவர்கள் சோதிக்காமல் இருந்திருந்தால் 'நெட் ஸ்லோ' என்று எல்லோரும் சலித்துக்கொண்டு போயிருப்பார்கள். இந்த விஷயத்தின் சிக்கலே இதுதான்: குற்றம் நடந்தாலும் பார்க்கிறவருக்கு அது சாதாரணக் கோளாறு மாதிரியே தெரியும்.

இந்தியாவில் 2014 டிசம்பரில் ஏர்டெல், ஸ்கைப், வைபர் போன்ற செயலிகள் வழியான அழைப்புகளைச் சாதாரண டேட்டா பேக்கில் சேர்க்காமல் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது.

இந்தியாவில் விதி எப்படி வந்தது?

அந்தச் சர்ச்சைக்குப் பிறகு, 2015 மார்ச் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், 20 கேள்விகள். வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கு உரிமம் தேவையா, அவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமா என்ற ரீதியில் கேள்விகள் போயின. சாதாரண ஆள் படித்துப் பதில் எழுதக்கூடிய அறிக்கை அல்ல அது.

ஆனால் எழுதினார்கள். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து 'சேவ் தி இண்டர்நெட்' என்று ஒரு தளம் தொடங்கி, கேள்விகளை எளிமைப்படுத்தி, பதில் அனுப்ப வழிசெய்தார்கள். சில வாரங்களிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போய்ச் சேர்ந்தன. (அத்தனை கடிதங்களையும் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு டிராய் தன் தளத்தில் போட்டுவிட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் ஒரு ஆணையம் செய்யக் கூடாத காரியம் அது.)

அதே ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது. செயலி நிறுவனம் ஏர்டெல்லுக்குப் பணம் கட்டும். அந்தச் செயலியைப் பயன்படுத்தும்போது நமக்கு டேட்டா கழியாது. ஃப்ளிப்கார்ட் சேர்வதாக இருந்தது. மக்கள் எதிர்ப்பைப் பார்த்து ஒரு வாரத்தில் விலகிக்கொண்டது. ஒரு பெரிய நிறுவனம் லாபமான ஏற்பாட்டை அத்தனை சீக்கிரம் விட்டுவிட்டு வந்தது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் விஷயமல்ல.

ஃப்ரீ பேசிக்ஸை ஏன் எதிர்த்தார்கள்? ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைப்பது நல்லதுதானே?

நேர்மையான கேள்வி. இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ஃபேஸ்புக் 2015 பிப்ரவரியில் இண்டர்நெட்.ஆர்க் என்ற பெயரில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஒரு சேவை தொடங்கியது. ஆரம்பித்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சேவை தமிழிலும் கிடைத்தது. தேர்ந்தெடுத்த 38 தளங்களை டேட்டா கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். செப்டம்பரில் அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது.

வேலைவாய்ப்பு, உடல்நலம், விவசாயம் என்று உபயோகமான தளங்களும் அதில் இருந்தன. மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் யார் சேரலாம் என்ற நிபந்தனைகளை வகுத்தது ஃபேஸ்புக். ஒரு பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றி உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதும் வலைப்பதிவோ, நேற்றுத் தொடங்கிய ஒரு சின்னக் கடையின் தளமோ அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும். இணையத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு ஃபேஸ்புக்கும் அதோடு வரும் சில தளங்களும் மட்டுமே இணையம் என்று ஆகிவிடும். போட்டிக்கு வருகிறவர் எவ்வளவு நல்ல சேவை தந்தாலும் 'அது இலவசம், இது காசு' என்ற ஒரே காரணத்தால் தோற்பார்.

ஏழைக்கு அரைகுறை இணையம் போதும் என்று யார் முடிவு செய்வது? எனக்கு இன்றும் ஆறாத கேள்வி அதுதான். அவருக்கும் வங்கிக் கணக்கு பார்க்க வேண்டும், மகளுக்குத் தேர்வு முடிவு பார்க்க வேண்டும், அரசு அலுவலகத்தின் மேல் புகார் எழுத வேண்டும். அதில் எது பட்டியலில் இருக்கும் என்று கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து எழுத முடியாது.

2015 டிசம்பரில் ஃபேஸ்புக் முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்கள் கொடுத்தது. பயனர்களை ஒரு பொத்தானை அழுத்தவைத்து டிராய்க்கு லட்சக்கணக்கில் ஆதரவுக் கடிதங்கள் அனுப்பவைத்தது. தான் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கடிதங்களில் பதில் இல்லை என்று டிராய் கண்டித்து எழுதியது. கடைசியில் 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்தைப் பொறுத்து டேட்டா விலையை மாற்றக் கூடாது என்ற டிராய் விதி வந்தது. அதே வாரத்தில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து வெளியேறியது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஏழைகள் இணையம் இல்லாமல் போய்விட்டார்களா? அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. இலவசப் பட்டியல் எதுவும் இல்லாமலே கோடிக்கணக்கானோர் முழு இணையத்துக்கு வந்தார்கள். அந்த விலைப்போர் பல நிறுவனங்களைக் காணாமல் செய்துவிட்டது என்பதும் உண்மைதான். அதைப் பற்றிக் கீழே பேசுகிறேன்.

இன்றைய விதி என்ன சொல்கிறது?

இரண்டு அடுக்கு இருக்கிறது. முதலாவது, டிராய் 2016-இல் கொண்டுவந்த கட்டண விதி: உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். ஆயிரக்கணக்கான கோடி வருமானம் பார்க்கும் நிறுவனத்துக்கு 50 லட்சம் ஒரு பொருட்டே அல்ல. இந்த எண்ணை உயர்த்தியாக வேண்டும்.

இரண்டாவது, வேகம் பற்றியது. 2017 நவம்பரில் டிராய் பரிந்துரைத்து, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்று, அதே ஆண்டு உரிம நிபந்தனைகளிலேயே சேர்த்தது. தடுப்பது, தரத்தைக் கெடுப்பது, மெதுவாக்குவது, ஒன்றுக்கு மட்டும் சலுகை வேகம் கொடுப்பது எல்லாம் உரிம மீறல். விலக்குகளும் உண்டு: நெரிசலைச் சமாளிக்கும் நியாயமான, தற்காலிகமான நடவடிக்கை, அவசர காலச் சேவைகள், நீதிமன்ற அல்லது அரசு உத்தரவு, பொது இணையத்துக்கு மாற்றாக அமையாத சிறப்புச் சேவைகள்.

காகிதத்தில் பார்த்தால் உலகின் உறுதியான விதிகளில் ஒன்று இது.

தினசரி 2 ஜிபி முடிந்ததும் நெட் ஆமை வேகத்துக்குப் போகிறதே, அது மீறல் இல்லையா?

இல்லை. எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி மெதுவாகின்றன. உங்கள் திட்டத்தின் நிபந்தனை அது. 2 ஜிபி முடிந்த பிறகும் ஒரு வீடியோ செயலி மட்டும் முழு வேகத்தில் ஓடினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ரீசார்ஜோடு ஓடிடி சந்தா இலவசமாகத் தருகிறார்களே?

சந்தாப் பணத்தை நிறுவனம் கட்டுகிறது. படம் பார்க்கும்போது டேட்டா வழக்கம்போல் கழிகிறது. அதனால் இன்றைய விதிப்படி இது மீறல் ஆகாது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. கம்பியும் சொந்தம், திரையில் ஓடும் படமும் சொந்தம் என்று ஒரே குழுமம் வளரும்போது, சலுகை எங்கே முடிகிறது, பாரபட்சம் எங்கே தொடங்குகிறது என்பது மங்கிவிடும். அதிலும் பொது இணையத்தைத் தொடாத 'மூடிய நெட்வொர்க்' வழியாகத் தரும் சேவைக்கு 2016 விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. விதியிலிருந்து தப்பிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைக் கண்காணிப்பது யார் என்பதுதான் பிரச்சினை.

என் வீட்டில் ஒரு வீடியோ தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிறுவனம்தான் மெதுவாக்குகிறதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வைஃபை பலவீனமாக இருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஒரே கேபிளில் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தளத்தின் சர்வர் உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் இல்லாமல் தூரத்தில் இருக்கலாம். இரு நெட்வொர்க்குகளும் சேரும் இடத்தில் கொள்ளளவு போதாமல் இருக்கலாம். கடைசிக் காரணம் வில்லங்கமானது. இணைப்பை அகலப்படுத்தாமல் சும்மா இருந்தாலே ஒரு தளத்தை மெதுவாக்க முடியும், எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம்.

நீங்களே செய்யக்கூடியது: லேன் கம்பி போட்டுப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிம்மில் அதே வீடியோவை அதே நேரத்தில் பாருங்கள். விபிஎன் (உங்கள் டேட்டாவை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) போட்டதும் நன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனால் விபிஎன் வேறு பாதையில் போவதால் அது மட்டுமே நிரூபணம் ஆகாது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'வெஹே' (Wehe) என்ற செயலி இன்னும் நம்பகமானது. பிரபல செயலிகளின் போக்குவரத்தை அப்படியே ஒருமுறையும், அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருமுறையும் அனுப்பி வேகத்தை ஒப்பிடும். பிரான்ஸின் ஒழுங்குமுறை அமைப்பு இதைத் தன் மக்களிடம் அதிகாரபூர்வமாகவே கொண்டுசேர்த்தது. நம் டிராய் ஏன் இதைச் செய்யக் கூடாது?

அரசே ஒரு தளத்தை முடக்கினால் அதுவும் நெட் நியூட்ராலிட்டி மீறலா?

சட்டப்படி அது வேறு கணக்கு. தளங்களை முடக்கும் உத்தரவுகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வருகின்றன. நிறுவனம் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். இணையத்தையே துண்டிக்கும் உத்தரவுகளுக்குத் தனி விதிகள். காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றித் துண்டிக்கக் கூடாது என்று சொன்னது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நெட் நியூட்ராலிட்டி விதி நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, அரசை அல்ல.

அமெரிக்காவில் இதைத் தூக்கிவிட்டார்களாமே?

ஆமாம், அதுவும் பலமுறை இழுபறிக்குப் பிறகு. 2015-இல் எஃப்சிசி உறுதியான விதி கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் 2017 டிசம்பரில் ரத்து செய்தது. மறுபடி ஆட்சி மாறி 2024 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 2 அன்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி விதி போட எஃப்சிசிக்கு அதிகாரமே இல்லை என்று தள்ளிவிட்டது. கலிஃபோர்னியா 2018-இல் போட்டது போன்ற சில மாநிலச் சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. நாடாளுமன்றச் சட்டமாக இல்லாமல் ஓர் ஆணையத்தின் விதியாக மட்டும் இருந்தால் இதுதான் கதி. நம்முடையதும் டிராய் விதியும் உரிம நிபந்தனையும்தான். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதே இந்தக் கொள்கையை அதில் நேரடியாக எழுதியிருக்க வேண்டும்.

யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் அத்தனை டேட்டாவைத் தின்கின்றன. அவை கம்பிச் செலவில் பங்கு தரக் கூடாதா?

இன்றைய உண்மையான சண்டை இதுதான். 'நியாயமான பங்கு' என்ற பெயரில் இந்திய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமும் ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களும் இதைத் தொடர்ந்து கேட்டுவருகின்றன. கேட்க நியாயமாகவே இருக்கும். அதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

டேட்டாவைக் கேட்டது யூடியூப் அல்ல, நீங்கள். கேட்டதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். வீடியோ நிறுவனங்களும் தங்கள் பக்கத்து இணைப்புக்கும் சர்வர்களுக்கும் செலவு செய்கின்றன. பல நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்திலேயே வைத்து நெரிசலைக் குறைக்கின்றன. ஒரே டேட்டாவுக்கு இரு முனையிலும் கட்டணம் கேட்பதுதான் இந்தக் கோரிக்கை. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பு 2022-இல் இதை ஆராய்ந்து, வீடியோ நிறுவனங்கள் ஓசியில் பயணம் செய்கின்றன என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்றது.

நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. அங்கே 2016 முதல் டேட்டா அனுப்பும் நெட்வொர்க் பெறும் நெட்வொர்க்குக்குப் பணம் கட்டும் முறை நடைமுறைக்கு வந்தது. நெட்ஃப்ளிக்ஸும் அங்குள்ள இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டும் ஆண்டுக்கணக்கில் வழக்காடி 2023-இல் சமாதானம் ஆயின. கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச், முதலில் வீடியோ தரத்தைக் குறைத்தது. பிறகு, மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கொரியாவை விட்டே போய்விட்டது. கூகுளால் பணம் கட்ட முடியும். கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்து தொடங்கும் வீடியோ பாட நிறுவனத்தால் முடியுமா? பெரியவர்களுக்கு மட்டும்தான் கட்டணம் என்று இன்று சொல்வார்கள். கோடு எங்கே என்று நாளை பேரம் பேசுவார்கள்.

5ஜியில் இது எப்படிப் பொருந்தும்?

ஒரே நெட்வொர்க்கைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தரம் தர 5ஜியால் முடியும். தொழிற்சாலை ரோபோவுக்கு ஒரு துண்டு ஒதுக்கினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சாதாரண வீடியோ செயலிக்கும் அதே ஏற்பாட்டில் 'சிறப்புச் சேவை' என்று பெயர் சூட்டினால் விதி ஓட்டையாகிவிடும்.

இலங்கையில் நிலைமை என்ன?

சமூக ஊடகங்களுக்கென்றே தனி டேட்டா பேக்கேஜ்கள் அங்கே சகஜம். இந்தியாவில் 2016-க்குப் பிறகு விற்க முடியாத வகை அது. வாங்குகிறவருக்கு மலிவாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பேக்கேஜ் வைத்திருப்பவர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி உண்மையா என்று வெளியே போய்ப் பார்க்க இன்னொரு பேக்கேஜ் போட வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணம் போதும், அந்த முறை வேண்டாம் என்று சொல்ல.

சரி, சேவை நிறுவனங்களை எப்படித்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்?

முதலில் அளக்க வேண்டும். நெரிசல் மேலாண்மை என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று கண்காணிக்க, நிறுவனங்கள், ஆய்வாளர்கள், நுகர்வோர் அமைப்புகள் எல்லோரும் இருக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று டிராய் 2017-இல் சொன்னது. 2020 செப்டம்பரில் விரிவாக மறுபடியும் சொன்னது. அப்படியோர் அமைப்பு நாடு முழுக்க அளந்து, நிறுவனத்தின் பெயரைப் போட்டு அறிக்கை வெளியிட்டு நான் பார்த்ததில்லை. டிராய் வேகத்தை அளக்கிறது. ஆனால் மொத்த வேகம் வேறு, தளத்துக்குத் தளம் வேறுபாடு வேறு.

அடுத்து, போட்டி. கைபேசிச் சேவையில் இரண்டு பெரிய நிறுவனங்களும் தள்ளாடும் மூன்றாவதும் பிஎஸ்என்எல்லும் மிஞ்சியிருக்கும் சந்தையில், 'பிடிக்காவிட்டால் மாறிக்கொள்' என்ற பேச்சுக்குப் பெரிய மதிப்பில்லை. அதனால்தான் விதி இங்கே இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தெருவில் பிராட்பேண்ட் தரும் உள்ளூர் கேபிள்காரர் நிலைத்திருப்பதும் இதில் முக்கியம். பெரிய நிறுவனத்துக்கு எழுதிய அதே படிவங்களையும் அறிக்கைகளையும் அவர் தலையிலும் கட்டக் கூடாது. பாகுபாடு காட்டாதே என்ற அடிப்படை விதி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

நான் புகார் செய்ய வேண்டுமானால் எங்கே?

முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். எந்தத் தளம், எந்த நாள், எத்தனை மணி, வேறு இணைப்பில் என்ன வேகம் என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதுங்கள். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். அதற்கும் பிறகு, மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்வு செய்து புகார் போடலாம். டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனால் அது வெளியிடும் கலந்தாய்வு அறிக்கைகளுக்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே எடுக்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுநாள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆன்லைனிலும் மனு போடலாம். பில், புகார் எண், நிறுவனம் அனுப்பிய பதில், வேகச் சோதனைப் படங்கள் நான்கையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.